உப்பளத்தின் மேல் பிறை: ஒளிப்படமும் சாட்சியமும்

அரபு மொழியில் காஃப், ரா, நூன் ஆகிய மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. ‘கர்ன்’ என்றால் கொம்பு. ‘கரீன்’ என்றால் உடனிருக்கும் தோழன். ‘கிரான்’ என்றால் இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்திருத்தல். ஹஜ்ஜையும் உம்ராவையும் ஒரே இஹ்ராமில் இணைத்து நிறைவேற்றுவதற்குக் ‘கிரான்’ என்று பெயர் வழங்குவதை நம் வாசகர்கள் அறிவர். முஸ்லிம் வானியலார் இச்சொல்லை விண்ணுக்கும் கொண்டு சென்றனர். கோள்கள் வானில் நெருங்கி நிற்பதை அவர்கள் கிரான் என்றனர். தமிழில் கோள் சேர்க்கை எனலாம்; நிலவும் ஒரு கோளும் அருகருகே நிற்பதையும் இப்பெயரால் சுட்டுவதில் தவறில்லை. உண்மையில் அவை அருகில் இல்லை. நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வெள்ளியோ கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சேர்க்கை நிகழ்வது நம் பார்வைக் கோட்டில் மட்டுமே. எனவே பார்த்தவர் எங்கே நின்றார், எப்போது நின்றார் என்பது கிரானின் புறச்செய்தி அன்று, அதன் உள்ளுறுப்பாகும்.

இச்சேர்க்கைகளை நிலக்காட்சியோடு இணைத்து ஒளிப்படமாக்குவது அண்மைக் காலத்தில் ஒரு தனிக்கலையாக வளர்ந்துள்ளது. ஈரானைச் சேர்ந்த பாபக் தஃப்ரஷி 2007 ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தி வேர்ல்ட் அட் நைட்’ என்னும் திட்டம் இக்கலைக்கு உலகளாவிய மதிப்பைத் தேடித் தந்தது. பழம்பெரும் கட்டடங்களுக்கும் மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் மேலே விண்மீன்களையும் கோள்களையும் காட்டி, வானம் எல்லா நாட்டாருக்கும் பொது என்று உணர்த்துவது அதன் நோக்கம். தமிழகத்திலும் இன்று கேமராவும் முக்காலியும் ஏந்திய இளைஞர்கள் அந்திப் பொழுதில் திறந்த வெளிகளைத் தேடிச் செல்கின்றனர். அவர்களை ஈர்க்கத்தக்க இடங்களுள் ஒன்று விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளக் கடற்கரை.

இக்கலையைக் குறித்து ஒரு மதிப்பீட்டை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நிலவும் கோளும் சேர்ந்த படம் அழகுப் பொருள் மட்டுமன்று. அது ஒரு ஷஹாதத், அதாவது சாட்சியம். இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் இதைக் கண்டேன் என்று அது சொல்கிறது. பிறை கண்டதாகச் சொல்பவரின் சொல்லை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் எத்துணைக் கவனத்துடன் ஆராய்ந்தனரோ, அதே கவனத்துடன் இப்படங்களையும் ஆராய வேண்டும். ஆராய்ச்சிக்கு நின்று பிடிக்கும் படத்திலேயே இக்கலையின் அழகும் முழுமை பெறுகிறது என்பது எம் துணிபு.

நிலத்தின் இயல்பு

மரக்காணம் சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இவ்வட்டாரமே. அருகிலுள்ள கழுவேலி எனும் உவர்நீர்ச் சதுப்பு 2021 இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. சாலையை ஒட்டி வரப்புகளால் பிரிக்கப்பட்ட உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. ஆண்டின் தொடக்க மாதங்களில் பாத்திகள் செப்பனிடப்படும். வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் உற்பத்தி ஓய்ந்துவிடும். மழைக்காலத்தில் பாத்திகளில் நிற்பது மழைநீர். சேமித்த குவியல்களோ மூடப்பட்டிருக்கும்.

படமெடுப்போர்க்கு இந்நிலம் அளிப்பவை இரண்டு. மலையோ மரச்செறிவோ பெரிதாக மறைக்காத தாழ்ந்த அடிவானம் ஒன்று. ஆழமற்று அசைவின்றி நிற்கும் நீர்ப்பரப்பு மற்றொன்று. ஆயினும் பலர் மறந்துவிடும் ஓர் உண்மை உண்டு. இது கிழக்குக் கடற்கரை. மாலைப் பிறை மேற்கில் தோன்றுவது. ஆகவே வளர்பிறையும் மாலை வெள்ளியும் சேரும் காட்சி இங்கே கடலின் மேல் அமையாது; நிலத்தின் மேல்தான் அமையும். வங்கக் கடலின் மேல் நாம் காணக்கூடியது விடியற்காலைத் தேய்பிறையும் விடிவெள்ளியுமே. கடல் அலைக்கு மேலே வளர்பிறையை வைத்து ‘மரக்காணம், மாலை’ என்று பெயரிட்ட படம் எதுவாயினும், திசையறிந்தவர் அதனை முதற்பார்வையிலேயே தள்ளிவிடுவார்.

2023 மார்ச் 24

எடுத்துக்காட்டாக ஒரு மாலையை ஆராய்வோம். 2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. தமிழக முஸ்லிம்கள் ரமளானின் முதல் நோன்பைத் திறந்த மாலை அது. அன்று பிற்பகலின் இறுதியில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து காணும்படியாக நிலவு வெள்ளியை மறைத்தது. இருள் கவிந்தபோது மெல்லிய பிறையும், அதற்குச் சற்றுக் கீழே சுடர்விட்ட வெள்ளியும் மேற்கு வானில் நின்றன. நாடெங்கும் மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தனர்; எண்ணற்ற படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றோடு எடுக்கப்படாத படங்களும் பரவின. பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரம் பதிந்தது போன்ற படங்கள், இஸ்லாத்தின் சின்னமே வானில் தோன்றி நோன்பை வரவேற்றது என்னும் பொருள்படும் வாசகங்களுடன் கைப்பேசிதோறும் வந்து சேர்ந்தன.

இப்படங்களைச் சோதிக்கத் தொலைநோக்கி தேவையில்லை. முதலாவது, கொம்புகளுக்கு இடையே கறுத்துத் தோன்றும் பகுதி வெற்றிடமன்று. அது நிலவின் ஒளி பெறாத உடல். எந்தக் கோளும் எந்த விண்மீனும் அதன் ஊடாகத் தெரிய இயலாது. இரண்டாவது, வளர்பிறை கிழக்கு நோக்கி நகர்வது. அதன் முன்விளிம்பு இருண்டது, பின்விளிம்பு ஒளியுடையது. எனவே அன்று வெள்ளி இருண்ட விளிம்பில் மறைந்து, ஒளிவிளிம்பின் பக்கம் வெளிப்பட்டது. அந்தியில் அது நின்ற இடம் பிறையின் உட்புறமன்று, முதுகுப்புறம். கொடிகளில் வரையப்படும் உருவுக்கு இது நேர்மாறு. மூன்றாவது, மரக்காணம் வட அகலாங்கு 12 பாகையை ஒட்டியது. இத்தகைய வெப்ப மண்டலத்து ஊர்களில் மார்ச் மாதத்து மாலைப் பிறை கொம்புகளை மேல்நோக்கி உயர்த்தித் தோணி போல் மல்லாந்து கிடக்கும். செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பிறை இந்நாட்டு மார்ச் மாலைக்கு உரியதன்று.

நான்காவது சோதனை இன்னும் நுட்பமானது. அன்று சூரியன் மறைந்த வேளையில் அவ்விணை அடிவானத்திற்கு மேல் முப்பது பாகைக்கும் அதிகமான உயரத்தில் இருந்தது. அது அடிவானத்தை நெருங்கச் சூரியன் மறைந்து இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அதற்குள் அந்தியின் செம்மை முற்றிலும் அகன்றுவிடும். ஆதலால் செவ்வானத்தின் அடியில், உப்புக் குவியலை உரசுவது போல் பிறையும் வெள்ளியும் நிற்கும் படம் அன்றைய நாளுக்குரியதாயின், அது இரு வேறு நேரங்களை ஒன்றாய்ப் பொருத்தியது. மத்ஹபுகளின் தீர்ப்புகளைத் தம் வசதிக்கேற்ப ஒட்டிக்கொள்வதை நம் நூல்கள் ‘தல்ஃபீக்’ என்று கண்டிக்கும். இதுவும் ஒரு தல்ஃபீக்கே.

நீரில் விழும் பிம்பம் ஐந்தாவது சோதனை. வானில் நிலவுக்குக் கீழே நின்ற வெள்ளி, பாத்தி நீரில் நிலவுக்கு மேலே தெரிய வேண்டும். அடிவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயரமோ, கீழேயும் அத்தனை பாகை ஆழம் இருக்க வேண்டும். அன்று 34 பாகை உயரத்தில் நின்ற பிறையின் பிம்பம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிறுத்திய கேமராவுக்கு இரண்டேகால் மீட்டர் தொலைவில், அதாவது காலடிப் பாத்தியில் விழும். பிறை, பிம்பம் இரண்டையும் ஒரே சட்டத்தில் அடக்க 68 பாகைக்கு மேற்பட்ட பார்வைக் கோணம் வேண்டும். முழுச்சட்டக் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸைச் செங்குத்தாகத் திருப்பினால் 74 பாகை ஏறத்தாழக் கிட்டும். முடியாத காரியமன்று, ஆயின் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். அவ்விலை, நிலவு மிகச் சிறிதாகத் தெரிவதே.

சிறிய நிலவும் பெரிய ஆசையும்

இக்கலையின் மெய்யான இக்கட்டு இதுதான். நிலவின் கோண அகலம் அரைப் பாகையே. 24 மில்லிமீட்டர் லென்ஸ் அதனை 0.22 மில்லிமீட்டர் அளவில் பதிக்கும். 36 மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில் அது நூற்று அறுபதில் ஒரு பங்கு. 600 மில்லிமீட்டர் லென்ஸில் நிலவு 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக வளரும்; ஆனால் அப்போது கண்ணுக்கு அகப்படும் பரப்பு மூன்றரைப் பாகைக்கும் குறைவு. உப்பளம் மறைந்து, தொலைவிலுள்ள ஒரு பனையோ குவியலோ மட்டும் எஞ்சும். பரந்த நிலமும் பெரிய நிலவும் ஒரே படத்தில் நேர்மையாக அமைய முடியாது. இரண்டையும் விரும்புவோர் இரு படங்களை ஒட்டுகின்றனர்.

அவர்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதைப் புறக்கணிப்பது முறையன்று. “நாங்கள் நேரில் கண்டபோது நிலவு பெரிதாகவே தோன்றியது, கேமராதான் அதைச் சுருக்கிற்று, கண்ட உணர்வையே நாங்கள் மீட்டோம்” என்பர். இவ்வாதத்திற்கு வலுச் சேர்ப்பவர் இப்னுல் ஹைதம் (ரஹ்). ‘கிதாபுல் மனாழிர்’ எனும் தம் ஒளியியல் நூலின் ஏழாம் பகுதியில், அடிவானத்தை ஒட்டிய நிலவு பெரிதாகத் தோன்றுவதற்கு, இடையிலுள்ள நிலப்பொருள்களைக் கொண்டு உள்ளம் தொலைவை மதிப்பிடும் முறையே காரணம் என்று அவர் விளக்கினார். நிலவு வளரவில்லை, நம் தீர்ப்பு வளர்கிறது. அப்படியானால் பெரிதாகக் கண்டேன் என்பவர் பொய் சொல்லவில்லை. எனினும் அவர் சொல்வது தம் உள்ளத்தைப் பற்றிய செய்தி. வானத்தைப் பற்றிய செய்தியன்று. ஓவியர் அதனை வரையலாம், கவிஞர் பாடலாம். நாளையும் ஊரையும் அடியில் எழுதி ஒளிப்படமாக வைக்கும்போது மட்டும் அது சாட்சியத்தின் ஆடையை அணிந்துகொள்கிறது. ஒட்டியது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் குறை நீங்கும்.

இருட்டறையில் சிறு துளை வழியே ஒளி புகுத்திப் பிம்பம் காணும் ஆய்வை முறையாக எழுதி வைத்தவரும் இப்னுல் ஹைதம் அவர்களே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கிரகணத்தின் உருவம் பற்றிய தம் சிறுநூலில், பகுதிக் கிரகணச் சூரியன் அத்துளை வழியே பிறை வடிவில் விழுவதையும், வானத்துப் பிறையோ அவ்வாறு பிறை வடிவில் விழாமையையும் எடுத்துக்கொண்டு, துளையின் அளவைக் கொண்டு காரணம் ஆராய்ந்தார். கேமராவின் மூதாதை எனத்தக்க கருவி, தொடக்கத்திலேயே பிறை வடிவத்தின் முன் நின்று, தான் காட்டுவது எவ்வளவு மெய் என்ற கேள்வியைச் சந்தித்திருக்கிறது.

இன்று அக்கேள்வி கருவிக்குள்ளேயே புகுந்துவிட்டது. 2023 மார்ச் மாதத்திலேயே சாம்சங் கைப்பேசிகளின் நிலாப் படங்களைப் பற்றி ஒரு விவாதம் எழுந்தது. மங்கலாக்கப்பட்ட நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து எடுத்தபோதும், அதில் இல்லாத நுண்வடிவங்களைக் கைப்பேசி தானே சேர்த்துத் தந்தது. நிலவை அடையாளம் கண்டு அதன் விவரங்களைச் செயற்கை நுண்ணறிவால் மெருகூட்டும் அமைப்பு உண்டென்று அந்நிறுவனமும் விளக்கம் அளித்தது. முன்னரே சொல்லிக் கொடுக்கப்பட்டதைத் தான் கண்டதாகச் சொல்பவரின் சாட்சியத்தைக் காழி எவ்வாறு ஏற்பார்? படமெடுத்தவர் பொய்யரல்லர், ஆயினும் அவர் கையிலிருப்பது அவருடைய சாட்சியமன்று.

விசாரணைக்கு நிற்கும் படம்

உண்மையான படம் எவ்வளவு விசாரணையைத் தாங்கும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்றுண்டு. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் எனும் சிற்றூரின் மேல் நிலவு எழுவதைப் படமெடுத்தார். எடுத்த நாளை அவர் சரியாகக் குறித்து வைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து வானியல் ஆய்வாளர்கள் படத்திலுள்ள நிலவின் நிலையை அளந்து, அது 1941 நவம்பர் 1 ஆம் நாள் மாலை 4.49 மணிக்கு எடுக்கப்பட்டதெனக் கண்டனர். அச்சிடும்போது வானத்தை ஆடம்ஸ் மிகவும் கறுப்பாக்கினார் என்பது உண்மையே. ஒளியின் அளவை அவர் ஆண்டார். நிலவின் இடத்தைத் தொடவில்லை. அதனால்தான் எடுத்தவர் மறந்த நாளைப் படம் நினைவில் வைத்திருந்தது. மெருகூட்டலுக்கும் புனைவுக்கும் இடையிலுள்ள வரம்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

இடமும் இதேபோல் முதன்மையானது. 2008 டிசம்பர் 1 அன்று மாலை நம் நாட்டில் பிறையும் வெள்ளியும் வியாழனும் சேர்ந்து நின்றபோது, இரு கோள்கள் கண்களாகவும் பிறை சிரிக்கும் வாயாகவும் தோன்றின. சில மணி நேரம் கழித்து ஐரோப்பாவிலோ நிலவு வெள்ளியை மறைத்தது. அங்கே அச்சிரிப்பு இல்லை. நிலவு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழத் தன் அகலமளவு நகர்கிறது. மேலும் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து காண்போர்க்கு அதன் இடம் ஒரு பாகையளவும் மாறித் தோன்றும். பிறை விஷயத்தில் மத்லஃ வேறுபாட்டைக் கருதும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாட்டை நம் கடற்கரை ஊர்கள் தலைமுறைகளாக அறிந்தவை. ஓர் ஊரின் வானம் மற்றோர் ஊரின் வானமன்று என்னும் அவ்வுணர்வு, படங்களைப் பார்க்கும் நமக்கும் வேண்டும். வேறு நாட்டுப் பிறையை மரக்காணத்துப் பாத்தியின் மேல் வைப்பது வெறும் தொழில்நுட்பப் பிழையன்று.

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு இடைவெளிக்குள் நெருங்கின. 1623 க்குப் பின் அவை அத்துணை நெருங்கியதில்லை. அகன்ற நிலக்காட்சியில் அவை ஏறத்தாழ ஒரே ஒளிப்புள்ளி. சனியின் வளையமும் பரந்த நிலமும் ஒருங்கே தெரியும் ‘அன்றைய’ படங்கள் யாவும் தொலைநோக்கிப் படத்தை நிலத்தின் மேல் ஒட்டியவையே.

அடையாளமும் அத்தாட்சியும்

இத்துணை ஆராய்ச்சி எதற்கு, அழகை அழகாகவே ரசித்தால் என்ன என்று கேட்கலாம். கிரானின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது. அபூ மஃஷர் அல்பல்கீ போன்ற சோதிடர்கள் வியாழன், சனி சேர்க்கைகளைக் கொண்டு அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கணித்தனர். தைமூர் ‘ஸாஹிபே கிரான்’, அதாவது சேர்க்கையின் அதிபதி, எனப் போற்றப்பட்டார். ஷாஜஹான் தம்மை இரண்டாம் ஸாஹிபே கிரான் என்று அழைத்துக்கொண்டார். வானத்தின் சேர்க்கை அரண்மனையின் விளம்பரமாயிற்று. பிறையும் நட்சத்திரமும் இஸ்லாத்திற்கு முன்பே பைஸாந்தியத்திலும் சாசானியர் நாணயங்களிலும் இருந்தவை. உஸ்மானியர் கொடியின் வழியாகவே, பிற்காலத்தில், அவை முஸ்லிம்களின் அடையாளமாகப் பரவின. ஹிலால் மார்க்கத்தில் காலக் கணக்கிற்குரியது; சின்னமாக அது விதிக்கப்படவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. குழந்தையின் மறைவுக்காகவே கிரகணம் ஏற்பட்டதென மக்கள் பேசிக்கொண்டனர். எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ சூரியனும் சந்திரனும் கிரகணம் அடைவதில்லை என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். துயரத்தின் நடுவில், தமக்குச் சாதகமாக ஊரே வழங்கிய ஓர் அத்தாட்சியை அவர்கள் மறுத்த செய்தி இது. அவர்களைப் பின்பற்றுவோர், ஒட்டு வேலை செய்த பிறைப் படத்தை அற்புதம் என்று பரப்புவது எவ்வளவு பெரிய முரண்! வானத்து நிகழ்வு அல்லாஹ்வின் வல்லமைக்குச் சான்றாக அமைய அதன் இயல்பே போதும். அதற்கு நம் புனைவின் துணை தேவையில்லை.

இறுதியாக ஒன்று. உப்பள மக்களில் பலர் வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்பே வேலைக்கு இறங்குபவர்கள். கடற்காற்று அடங்கிய அந்த வைகறையில்தான் பாத்தி நீர் பளிங்கு போல் நிற்கும், பிம்பமும் சிதையாது. தேய்பிறையும் விடிவெள்ளியும் சேரும் காட்சியை வெறுங்கண்ணால் நெடுநேரம் காணும் வாய்ப்புடையவர்கள் அவர்களே. ஆனால் அழகிய படங்களில் அவர்கள் முகமற்ற கரிய நிழல்களாக, அளவு காட்டும் பொருளாகவே நிற்கின்றனர். பிறை கண்டேன் என்று வந்து சொன்ன, பெயர் அறியப்படாத பாலைவாசி ஒருவரின் சொல்லை நபியவர்கள் ஏற்று நோன்பை அறிவிக்கச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறும். அந்த மரபில் வந்தவர்க்கு, பாத்தியில் நிற்கும் மனிதர் காட்சிப் பொருள் அல்லர், முதல் சாட்சி. அவருக்கும் முகம் இருக்கும்படி ஒளியமைத்து எடுக்கப்படும் படம் இக்கலையை ஒரு படி உயர்த்தும்.

ஆகவே படமெடுப்போரிடம் நாம் கோருவது சிறிது. நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை, பயன்படுத்திய லென்ஸ், ஒரே படமா பல படங்களின் இணைப்பா என்னும் செய்தி ஆகியவற்றைப் படத்தின் அடியில் ஒரு வரியில் எழுதுக. படத்தைப் பெறுவோர், பிறருக்கு அனுப்புமுன் அவ்வரியைத் தேடுக. நூற்று அறுபதில் ஒரு பங்காகச் சிறுத்த பிறையும், அதன் கீழ் அகன்று கிடக்கும் நிலமும் கொண்ட படத்தைக் குறைபட்டதென எண்ண வேண்டா. வானத்தின் முன் மனிதன் நிற்கும் உண்மையான அளவு அதுவே.

2040 செப்டம்பர் 8 ஆம் நாளை ஒட்டி, கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்களும் வளர்பிறையும் மாலை மேற்கு வானில் பத்துப் பாகை அளவிலான வெளிக்குள் கூடும். மரக்காணத்தில் அது உப்புப் பருவத்தின் கடைசி நாட்கள். அன்று பாத்தி வரப்பில் முக்காலியை ஊன்றப்போகிறவர்கள் இன்று பள்ளிகளிலும் மத்ரஸாக்களிலும் அமர்ந்திருக்கும் சிறுவர்கள். அவர்களுக்குக் கேமராவைப் பழக்குமுன், பிறை பார்க்கக் கற்றுக் கொடுப்போம்.